ஒரு கிளிக்கில் சாதி: வரலாற்று விளையாட்டில் இல்லாத வரலாறு

சென்ற மாதம் எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்குக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, இங்க பாருங்க. இந்த கேம்ல சாதி இருக்கு. கிளிக் பண்ணா நாட்டுக்கு லாபம்னு காட்டுது" என்றான். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு அவனோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் விளையாடிப் பார்த்தேன். அதன் பிறகு எழுதுவது இது.

அந்த விளையாட்டு 2005இல் வெளிவந்த சிவிலைசேஷன் 4. சிட் மெய்யரின் பெயரில் 1991இலிருந்து வரும் வரிசையில் நான்காவது. கி.மு. 4000இல் ஒரு சிறு கூட்டத்தோடு தொடங்குகிறோம். ஊர் அமைக்கிறோம், எழுத்தும் இரும்பும் கண்டுபிடிக்கிறோம், கடைசியில் விண்வெளிக்குக் கப்பல் அனுப்புகிறோம். விளையாடுகிறவர்தான் அரசர். ஆறாயிரம் ஆண்டுகளும் அவரே அரசர்.

1991இல் வந்த முதல் விளையாட்டில் சர்வாதிகாரம், முடியாட்சி, குடியரசு, பொதுவுடைமை, ஜனநாயகம் என்று ஆட்சிமுறைகள் தனித்தனியாக இருந்தன. நான்காவது விளையாட்டு அதை ஐந்து துறைகளாகப் பிரித்தது: அரசாங்கம், சட்டம், உழைப்பு, பொருளாதாரம், மதம். ஒவ்வொன்றிலும் ஐந்து தெரிவுகள். உழைப்பு என்ற துறையில் இருப்பவை பழங்குடி முறை, அடிமை முறை, பண்ணையடிமை முறை, சாதி அமைப்பு, விடுதலை. 'சட்டத் தொகுப்பு' என்ற அறிவைப் பெற்றதும் சாதி அமைப்பு திறக்கிறது. சட்டத் தொகுப்பு வந்தவுடன் சாதி வருகிறது என்றால் நம் ஊரில் மனுதர்மம் நினைவுக்கு வராதவர் யார்?

இதில் ஒரு நேர்மையும் உண்டு. சாதியைப் பண்பாடு என்றோ மதநம்பிக்கை என்றோ வைக்காமல், யார் உழைப்பது என்ற கேள்விக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். நம்மூர்ப் பாடப்புத்தகங்கள் பல இதைக்கூடச் செய்வதில்லை. சிக்கல் அதற்கு அடுத்த வரியில் தொடங்குகிறது.

சாதி அமைப்பைத் தெரிவு செய்தால் கிடைக்கும் பலன் என்ன தெரியுமா? நகரத்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் விஞ்ஞானியாகவும் வணிகராகவும் கலைஞராகவும் ஆக்கலாம். மற்ற முறைகளில் நூலகம் கட்டினால் இரண்டு விஞ்ஞானிகள், சந்தை கட்டினால் இரண்டு வணிகர்கள் என்று வரம்பு உண்டு. சாதி வந்தால் வரம்பு போய்விடும்!

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவள் பஞ்சமி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் வாழ்ந்த புலையர் வீட்டுச் சிறுமி. தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அய்யன்காளி தலைமையில் வயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அரசும் சேர்க்கலாம் என்று உத்தரவு போட்டது. அந்த உத்தரவோடு அய்யன்காளி பஞ்சமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தார்கள். சாதி விஞ்ஞானியை உருவாக்கும் முறை இதுதான். ஒரு பிள்ளை எழுத்தைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பள்ளியையே எரிக்கும்.

சாதியை உழைப்புப் பிரிவினை என்று சொல்லி நியாயப்படுத்துவது பழைய வழக்கம். அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் இதற்குத்தான் பதில் சொன்னார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்குகிறது என்பது அவர் வாதம். விருப்பமும் திறமையும் அங்கே கணக்கில் வராது, பிறப்பு மட்டுமே வரும். விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்தப் பழைய நியாயத்தை அப்படியே நம்பி எண்ணாக மாற்றியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார்கள். சாதி அமைப்பு வந்தாலும் பூசாரிகளின் எண்ணிக்கைக்கு உள்ள வரம்பு நீங்காது! தமிழ்நாட்டில் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கச் சட்டம் வந்தது 1970இல். பயிற்சி முடித்த அனைத்துச் சாதியினருக்கும் அர்ச்சகர் பணி ஆணை கையில் கிடைத்தது 2021இல். அந்த வரம்பு எவ்வளவு கெட்டியானது என்று நமக்குத் தெரியும்.

அடுத்து, அதிருப்தி. விளையாட்டில் அடிமை முறையை வைத்து ஆட்களைப் பலி கொடுத்து வேலையை முடித்தால் நகரத்தில் கோப முகம் ஒன்று தோன்றும். 2007இல் வந்த விரிவாக்கத்தில் அடிமைக் கிளர்ச்சியே வெடிக்கும். சாதிக்கு அப்படி எதுவும் இல்லை. கொஞ்சம் பராமரிப்புச் செலவு, அவ்வளவுதான். விடுதலை என்ற தெரிவு 'ஜனநாயகம்' என்ற அறிவோடு திறக்கும். பக்கத்து நாடுகள் அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகே உங்கள் மக்கள் முகம் சுளிப்பார்கள். அதாவது விடுதலை உணர்வு வெளியிலிருந்து வருகிறது. சேரிக்குள்ளிருந்து வருவதில்லை.

மகத் என்ன சொல்கிறது? பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் 1924இல் அதை ஏற்றுக்கொண்டது. விளையாட்டின் மொழியில் சொன்னால் கிளிக் செய்தாயிற்று. ஆனாலும் யாரும் தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து போய் சவதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். அதற்காக அடிபட்டார்கள். பிறகு குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் 1937இல்தான் முடிந்தது. தீர்மானத்தைப் போட்டது அவை. அதற்கு உயிர் கொடுத்தது நடந்து போன கால்கள்.

இப்போது ஆட்சிமுறை மாற்றத்துக்கு வருவோம். விளையாட்டில் ஒரு முறையை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் ஓரிரு சுற்றுகள் நாடு குழப்பத்தில் கிடக்கும். 'ஆன்மிகம்' என்ற குணம் உள்ள தலைவர்களுக்கு மட்டும் அந்தக் குழப்பமும் கிடையாது. இந்தியாவுக்குக் கொடுத்திருக்கும் தலைவர்கள் இருவர், காந்தியும் அசோகரும். இருவருக்குமே ஆன்மிகக் குணம். ஆக, உலகத்திலேயே சாதியைச் சிரமம் இல்லாமல் ஒழிக்கக்கூடிய நாடு இந்தியா! எழுதும்போதே கை நடுங்குகிறது.

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் வருகின்றன. சோழர் போனார்கள், நாயக்கர் வந்தார்கள், மராத்தியர் வந்தார்கள், கம்பெனி வந்தது. சேரி சேரியாகவே இருந்தது. 1843இல் ஐந்தாம் சட்டத்தின் மூலம் அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தைக் கம்பெனி அரசு நீக்கியது. அதே தஞ்சையில் பண்ணையாளுக்குக் கூலியும் பாதுகாப்பும் தர 1952இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. நடுவில் 109 ஆண்டுகள். அந்தச் சட்டமும் வந்து 16 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அப்போது நாடு குடியரசு. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்னொரு சின்ன விஷயம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சிறப்பான ஓர் ஆள் உண்டு. ரோமுக்கு ஒரு வகைப் படைவீரன், பாரசீகத்துக்கு இன்னொரு வகைப் படைவீரன். இந்தியாவுக்கு? வேகமாக நடக்கும் ஒரு கூலியாள். சாலை போடுவதும் வயல் திருத்துவதும் அவர்தான். அவருக்குப் பெயர் கிடையாது, கூலி கிடையாது, ஓய்வும் கிடையாது. பேசாமல் வேலை செய்துகொண்டே இருக்கிறார். அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று விளையாட்டு கேட்பதில்லை. நமக்குக் கேட்கத் தெரியும்.

எல்லா விளையாட்டும் இப்படித்தானா என்றால், இல்லை. 2022இல் வந்த விக்டோரியா 3இல் சட்டம் மாறும் முறை வேறு. நிலவுடைமையாளர், மதபீடம், தொழிற்சங்கம், படித்தவர்கள், ஆலை முதலாளிகள் என்று நாட்டுக்குள் நலக் குழுக்கள் இருக்கின்றன. நீங்கள் நினைத்தால் மட்டும் அடிமை முறையை ஒழிக்க முடியாது. அந்தக் குழுக்களில் யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, யாருக்கு எவ்வளவு பலம் என்று பார்க்க வேண்டும். நிலவுடைமையாளர் ஆத்திரப்பட்டால் உள்நாட்டுப் போரே வரலாம். ஒரு சட்டத்தால் யார் லாபம் அடைகிறார்களோ அவர்கள் அதைச் சும்மா விடமாட்டார்கள் என்ற உண்மை இதில் உண்டு. அந்த விளையாட்டின் காலம் 1836இலிருந்து 1936 வரை. லாகூரில் பேச அழைத்தவர்கள் பயந்துபோய்க் கூட்டத்தையே ரத்து செய்ய, அம்பேத்கர் தம் உரையைத் தாமே 'சாதி ஒழிப்பு' என்று அச்சிட்டு வெளியிட்டதும் 1936தான். விளையாட்டு முடிகிற ஆண்டில் நம் கேள்வி தொடங்குகிறது.

இதற்காக விளையாடாதே என்று அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை. தடை கேட்டும் இதை எழுதவில்லை. இதே வரிசையில் 2016இல் வந்த ஆறாவது விளையாட்டில் அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் பெயரான முக்கோண வணிகம், தங்கம் கூட்டித் தரும் ஒரு சீட்டாக இருக்கிறது. கறுப்பின மாணவர் ஒருவர் அதைப் பார்க்கும்போது என்ன நினைப்பார் என்பதை இனி நாம் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

நான் அவனிடம் சொன்னது இதுதான். "விளையாடு. ஆனா ராஜா நாற்காலியில உக்காந்திருக்கோம்ங்கறத மறக்காத. அங்கேர்ந்து பார்த்தா எல்லாமே வளர்ச்சியாத்தான் தெரியும். லாபம்னு காட்டும்போது யாருக்கு லாபம்னு கேளு."

அரசு வெளியிடும் வளர்ச்சிக் கணக்கைப் படிக்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள், தோழர்களே. மனிதக் கழிவை மனிதர் அள்ளத் தடைச் சட்டம் 1993இல் ஒரு முறையும் 2013இல் மறுமுறையும் வந்தது. இன்றும் மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் யார் பிள்ளைகள்? சட்டம் நமக்கு வேண்டும், அதற்காக ரத்தம் சிந்தியிருக்கிறோம். சட்டம் வந்த மறுநாள் குளத்துக்கு நடந்து போவதும் நம் வேலைதான்.

அடுத்த வாரம் மையத்தில் அந்தத் தம்பி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். சாதி அமைப்பு என்ற தெரிவுக்கு அவனே எழுதிய புது விதிகள். முதல் விதி: "ஊருக்கு வெளியே இருப்பவர்கள் எந்தச் சுற்றிலும் எழுந்து நடக்கலாம். அரசரின் அனுமதி தேவையில்லை."

ஜெய்பீம்.