வாரம் ஒரு மாத்திரை: ஒரு தோல்நோய் மருந்தின் சென்னைக் கதை

மலருக்குக் கட்டுரை கேட்டு போன் செய்த நண்பர், "ஹாஸ்டல் மெஸ் நினைவுகள் மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே நிறைய பேர் எழுதிட்டாங்க" என்று முன்ஜாக்கிரதையாகச் சொல்லிவிட்டார். நான் கெமிக்கல் இன்ஜினியர். வேலை செய்வது மருந்துத் தொழிற்சாலையில். போதாக்குறைக்குப் பதினாறு வருஷமாக சோரியாசிஸ் என்ற தோல்நோயோடு குடித்தனம் நடத்துகிறவன். எனவே எனக்குத் தெரிந்த ஒரு சரித்திரத்தை எழுதுகிறேன். இதில் திருவல்லிக்கேணி வருகிறது, மயிலாப்பூர் வருகிறது, சர்தார் படேல் சாலையும் வருகிறது.

முதலில் வியாதி என்னவென்று சொல்லிவிடுகிறேன். முழங்கை, முழங்கால், தலை, முதுகு என்று அங்கங்கே தோல் சிவந்து தடித்து, அதன்மேல் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக உதிரும். சிலருக்கு மூட்டுகளையும் பிடிக்கும். இந்தியாவில் நூற்றுக்கு 0.44 முதல் 2.8 பேர் வரை இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள்: இது ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டால் வராது, ஒரே துண்டை உபயோகித்தால் வராது, பக்கத்தில் படுத்தால் வராது. இதைத் தெரியாத ஒரு முடிதிருத்தும் கடையில் என்னைப் பாதியில் எழுந்திருக்கச் சொன்னார்கள். கடையின் பெயர் எதற்கு? தி.நகரில் சட்டை எடுக்கப் போனால் இன்றைக்கும் கறுப்பு, கருநீலம் பக்கம் கை போகாது. தோள்மேல் விழும் பொடி அதில்தான் பளிச்சென்று தெரியும்.

எனக்கு இது வந்தது மூன்றாவது செமஸ்டரில். பாட்டி மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையிலிருந்து வெட்பாலைத் தைலம் வாங்கிக் கொடுத்தாள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறும். சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். வெறும் பாட்டி வைத்தியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1981லேயே சித்த மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளிடம் இந்தத் தைலத்தைச் சோதித்து ஆராய்ச்சி இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னாளில் இலையைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதில் இண்டிகோடின், இண்டிருபின் போன்ற அவுரிச் சாயப் பொருள்களைக் கண்டார்கள். அந்த நீல நிறம் அங்கிருந்துதான். இன்னும் பெரிய அளவில், நோயாளிக்கும் டாக்டருக்கும் எது மருந்து, எது வெறும் எண்ணெய் என்று தெரியாத முறையில் சோதனைகள் நடக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எனக்குத் தைலத்தால் அரிப்பு குறைந்தது, நோய் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தோல் டாக்டர் ஒரு சீட்டு எழுதினார். வாரத்தில் ஒரு நாள் மெதோட்ரெக்சேட், வேறொரு நாள் ஃபோலிக் ஆசிட்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, இது என்ன மருந்து, யார் கண்டுபிடித்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னைத் திருவல்லிக்கேணியில் கொண்டுவந்து விட்டது.

எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895 ஜனவரி 12ல் பீமவரத்தில் பிறந்தவர். 13 வயதில் காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்பார்கள். பிடித்து இழுத்து வந்து படிக்க வைத்தார்கள். மெட்ரிகுலேஷன் இரண்டு தடவை போயிற்று. மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலிருந்து தேறினார். (அரியர் வைத்திருக்கும் தற்போதைய மாணவர்கள் கவனிக்கவும்.) அப்புறம் கடற்கரை எதிரே பிரசிடென்சி காலேஜ். ராமகிருஷ்ண மிஷனில் ஈடுபாடு வந்து சந்நியாசியாகப் போகிறேன் என்றார். தாயார் சம்மதிக்கவில்லை. மிஷனிலும், வைத்தியம் படித்துவிட்டுச் சேவை செய் என்றார்களாம். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார்.

அது காந்தியின் அந்நியத் துணி பகிஷ்காரக் காலம். சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டருக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். சர்ஜரி புரொபசர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். இல்லை, ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சர்க்கார் வைத்திய சேவையிலும் இடம் கிடைக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் அனாடமி வாத்தியாரானார். இந்த லட்சுமிபதியின் மனைவிதான் ருக்மிணி லட்சுமிபதி. எழும்பூர் மார்ஷல்ஸ் ரோடு இன்று அந்த அம்மையார் பெயரில்தான் இருக்கிறது.

1922ல் மாமனார் பணமும் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் உதவியும் சேர்த்து சுப்பாராவ் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் படிப்பு, செலவுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி எடுபிடி வேலை. அங்கே ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து 1925ல் உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பயோகெமிஸ்ட்ரி லேபில் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று ஒரு பரிசோதனை செய்திருப்பீர்களே, அவரேதான். 1927ல் தசையில் பாஸ்போகிரியாட்டின், 1929ல் ஏ.டி.பி. உயிருள்ள எல்லா செல்லுக்கும் செலவுக் காசு போன்றது இந்த ஏ.டி.பி. அதே வருஷம் ஜெர்மனியில் லோமானும் அதைத் தனியாகக் கண்டார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்காமல், 1940ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். சீக்கிரமே அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவரானார்.

அவர் மனதில் ஒரு பழைய கடன் இருந்தது. இந்தியாவில் அவருடைய சகோதரர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்திருந்தார். சத்து உடம்பில் ஒட்டாமல், ரத்தம் சுண்டிச் சாகிற வியாதி அது. 1931ல் லூசி வில்ஸ் என்ற டாக்டரம்மா, பம்பாய் மில் தொழிலாளிகளான கர்ப்பிணிப் பெண்களின் ரத்தசோகை ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாவதைக் கண்டிருந்தார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் ஃபோலிக் ஆசிட். 1945ல் சுப்பாராவின் குழு அதைச் சோதனைச்சாலையில் செயற்கையாகத் தயாரித்துவிட்டது. ஸ்ப்ரூ நோயாளிகள் பிழைக்க வழி பிறந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. பாஸ்டனில் ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமாயிற்று. அப்படியானால் ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்தால்? சுப்பாராவின் ஆட்கள் அந்த மூலக்கூறை அங்கங்கே மாற்றி, ஃபோலிக் ஆசிட் மாதிரியே நடித்து என்ஸைமை ஏமாற்றி அடைத்துவிடும் போலிகளைச் செய்தார்கள். ஒன்று அமினோப்டெரின், இன்னொன்று மெதோட்ரெக்சேட். 1948 ஜூனில் ஃபார்பர் 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவாவது நோய் தணிந்தது என்று எழுதினார். அதே ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். இந்தியாவுக்குத் திரும்பி வரவேயில்லை. 1995ல் நம் தபால் துறை அவருக்கு ஒரு ஸ்டாம்ப் வெளியிட்டது.

தோலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1951ல் நியூயார்க்கில் கப்னர் என்பவர் மூட்டுவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவருக்கு இருந்த சோரியாசிஸ் திட்டுகள் மறைய ஆரம்பித்தன. யாரும் தேடிப் போனது இல்லை. 1958ல் எட்மண்ட்சன், கை என்ற இரு டாக்டர்கள் மெதோட்ரெக்சேட்டை உபயோகித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு சோரியாசிஸுக்கு அதை முறைப்படி அனுமதித்தது. அதற்கு முன்னால் இருந்தவை தார், ஆர்சனிக், துணியெல்லாம் கறையாக்கும் களிம்புகள்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. அவரும் அதே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்தான். உலகத்தில் எங்கே குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்தாலும் மெதோட்ரெக்சேட் இல்லாமல் நடக்காது. சர்தார் படேல் சாலையில் நம் கல்லூரி வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றுகிற மருந்தை, நான் முழங்கைக்காக விழுங்கிக்கொண்டிருந்தேன். அளவுதான் வேறே. அங்கே கிராம் கணக்கு வரை போகும். எங்களுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்.

இந்த மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது ரொம்ப நாள் தவறாகவே புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. சாதாரணத் தோலின் மேல்படலம் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் சில நாட்களே போதும். ஆகவே இது தோல் செல் தறிகெட்டு வளரும் நோய், மெதோட்ரெக்சேட் அதற்கு பிரேக் என்று நினைத்தார்கள். 1979ல் இந்த நினைப்பு ஆட்டம் கண்டது. உறுப்பு மாற்று ஆபரேஷனுக்கான சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைச் சிலருக்கு மூட்டு வலிக்காகக் கொடுத்தபோது அவர்களுடைய சோரியாசிஸ் மறைந்தது. அந்த மருந்தின் முக்கிய இலக்கு தோல் செல் இல்லை. எதிர்ப்பு சக்தியின் சிப்பாய்களான டி-செல்கள். ஆக, கலகம் செய்வது தோல் இல்லை, தோலைக் காக்க வேண்டிய படை.

இன்ஜினியர்களுக்கு எளிதாகச் சொல்கிறேன். இது ஒரு பாஸிட்டிவ் ஃபீட்பேக் லூப். தோலில் இருக்கும் காவல் செல்கள் இன்டர்லூகின்-23 என்ற சிக்னலை அனுப்புகின்றன. அதைக் கேட்டு டி-செல்கள் இன்டர்லூகின்-17ஐ வெளியிடுகின்றன. அதைக் கேட்டுத் தோல் செல்கள் வேகமாகப் பெருகி, "இன்னும் ஆள் அனுப்பு" என்று பதில் சிக்னல் கொடுக்கின்றன. சுற்றுக்கு ஆஃப் ஸ்விட்ச் கிடையாது. இன்டர்லூகின்-23ஐக் கண்டதே 2000ல்தான். வேடிக்கை என்னவென்றால், 2009ல் வந்த உஸ்டெகினுமாப் என்ற ஊசி மருந்தை இன்டர்லூகின்-12ஐப் பிடிக்கத்தான் உருவாக்கினார்கள். இரண்டுக்கும் பொதுவான ஒரு பாகத்தை அது பிடித்ததால் உண்மைக் குற்றவாளியும் மாட்டிக்கொண்டான். 2015ல் செகுகினுமாப் நேரடியாக 17ஐப் பிடித்தது. இந்த ஊசிகளால் பலருக்குத் தோல் ஏறக்குறைய முழுவதுமே தெளிந்துவிடுகிறது. ஐம்பது வருஷம் மருந்து முன்னே போய், விளக்கம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. இப்போதுதான் விளக்கம் முன்னே போகிறது.

எக்ஸிமா எனும் கரப்பானிலும் இதே கதைதான், ஆனால் வேறு சிக்னல்கள். 2006ல் ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் ஜீன் கோளாறு தெரிய வந்தது. 2017ல் டுபிலுமாப் வந்தது.

மெதோட்ரெக்சேட்டுக்கு வருவோம். சின்ன டோஸில் அது செல் வளர்ச்சியை நிறுத்துவதைவிட, அடினோசின் என்ற பொருளை வெளியே கசிய வைத்துப் படையைச் சாந்தப்படுத்துகிறது என்று 1990களில் நியூயார்க்கின் குரோன்ஸ்டைன் குழுவினர் காட்டினார்கள். அதனால்தான் கூடவே ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டாலும் மருந்தின் பலன் அதிகம் போவதில்லை, வாய்ப்புண்ணும் குமட்டலும் குறைகின்றன. சீட்டில் இருக்கும் இரண்டு மாத்திரைகளும் சுப்பாராவின் ஒரே லேபில் பிறந்தவை! அடினோசின் எங்கிருக்கிறது? ஏ.டி.பி.யின் முதல் எழுத்தே அதுதான். இன்னொன்றும் உண்டு. சமீபத்திய மாத்திரைகளான டோஃபாசிடினிப் வகை, செல்லுக்குள் சிக்னலைக் கடத்தும் ஜாக் என்ஸைமில் ஏ.டி.பி. உட்கார வேண்டிய குழியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. சுப்பாராவ் 1929ல் கண்ட பொருளின் நாற்காலியைப் பிடுங்கித்தான் இவை வேலை செய்கின்றன. (இவற்றுக்கு 2021ல் அமெரிக்காவில் இதயம், ரத்தக்கட்டி, புற்றுநோய் பற்றிக் கடும் எச்சரிக்கை சேர்த்தார்கள். கடையில் நாமாகக் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை.)

உபயோகமான சில விஷயங்களும் சொல்ல வேண்டும். மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள். தினமும் என்று தப்பாகப் புரிந்துகொண்டு விழுங்கி உயிரை விட்டவர்கள் உலகம் பூராவும் உண்டு. வயதான அப்பா, அம்மா சாப்பிடுகிறார்கள் என்றால் காலண்டரில் கிழமையைச் சிவப்பில் வட்டம் போட்டு வையுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், ஆகப் போகிறவர்கள் தொடக்கூடாது. ஈரல், ரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடக்கூடாது, மதுவும் ஆகாது. புதிய ஊசிகள் போடுமுன் டி.பி. பரிசோதனை கட்டாயம். நம் ஊரில் பலர் உடம்பில் டி.பி. கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சிறைவைத்திருக்கும் சுவரில் டி.என்.எஃப். ஒரு முக்கியச் செங்கல். சில ஊசிகள் அந்தச் செங்கலையே உருவிவிடும்.

மிச்சம் இருப்பது விலை. என் ஒரு வாரத்து மாத்திரை மயிலாப்பூரில் ஒரு ஃபில்டர் காபி விலைக்குள் அடங்கும். ஊசிகளோ வருஷத்துக்கு லட்சத்தைத் தொடுகின்றன. இது மெடிக்கல் காலேஜ் தீர்க்கிற பிரச்சினை இல்லை, நம் மாதிரி ஆட்களுடையது. இவை மாத்திரை மாதிரி ரசாயனத்தில் சமைக்கப்படுவதில்லை. உயிருள்ள செல்களை ஸ்டீல் டேங்கில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் படிப்படியாக வடிகட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றோட்டம், கலக்கும் வேகம், வெப்பம், குரோமடோகிராஃபி என்று எல்லாம் நாம் யூனிட் ஆபரேஷன்ஸில் படித்ததுதான். பெங்களூர் பயோகான் 2013ல் இடோலிசுமாப் என்ற ஊசியைச் சோரியாசிஸுக்காக இந்தியாவில் கொண்டுவந்தது. 2014 டிசம்பரில் அகமதாபாத் சைடஸ், அடாலிமுமாபின் நகல் மருந்தை உலகத்திலேயே முதலாவதாக இங்கே விற்பனைக்கு விட்டது. விலை இறங்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் காபி விலைக்கு வரவில்லை.

பைனல் இயரில் யாராவது இந்த பயோரியாக்டர் பக்கம் வர நினைத்தால், சங்க ஆபீசில் என் போன் நம்பர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுங்கள், ஃப்ரீயாக இருப்பேன்.