முதுகுன்றத்தில் மலை சைக்கிள்: கியர் வந்த கதை

எங்கள் விருத்தாசலத்துக்குத் திருமுதுகுன்றம் என்றும் பெயர் உண்டு. ஆனால் குன்று பெயரில்தான் இருக்கிறது. சைக்கிளில் சுற்றினால் மணிமுத்தாற்றுப் பாலத்து ஏற்றமே பெரிய மலை! அப்படியும் பல வீட்டு ஓரங்களில் பழைய கியர் சைக்கிள் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. கடைக்குக் கொண்டுபோனால், "கியரைக் கழற்றிட்டு சிங்கிளா மாத்திடுங்க தம்பி" என்பார்கள். இல்லாவிட்டால் காயலான் கடை, கிலோ கணக்கு. அந்த முடிவை எடுக்கும் முன் கியரின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோமா?

கியரை முதலில் எதிர்த்தவர்களே சைக்கிள் பந்தயக்காரர்கள்தான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903ல் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்சுக்கு, கியர் என்பது வயதானவர்களுக்கான சொகுசு. 1910ல் பந்தயம் பிரனீஸ் மலைக்குள் நுழைந்த பிறகும், அடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைத் திருப்பி மாட்டித்தான் வீரர்கள் மேலே ஏறினார்கள். (ஒரு பக்கம் சின்னப் பல்சக்கரம், மறுபக்கம் பெரியது.) செயினைத் தள்ளிப் பல் மாற்றும் டீரெய்லருக்கு 1937ல்தான் அனுமதி கிடைத்தது.

அடுத்த திருப்பம் கலிபோர்னியாவில். 1970களில் தமால்பைஸ் மலைப் பக்கத்து இளைஞர்கள், 1930களின் கனமான ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மண்பாதையில் இறக்கினார்கள். 1976ல் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். சுமார் 1300 அடி இறக்கத்தில் பின் ஹப்பின் பிரேக் சூடாகி கிரீஸ் எரிந்துவிடும்; மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். கேரி ஃபிஷர் போன்றவர்கள் அந்தக் கிழட்டு வண்டிகளில் டீரெய்லரை மாட்டி, தள்ளாமல் மேலே ஏறினார்கள். 1977ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புது ஃபிரேம் செய்யத் தொடங்கினார். ஆக, மலை சைக்கிளே ஓவராயிலிங்கில் பிறந்த வண்டிதான்!

நம் பக்கம் கதை வேறு. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைத் தந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பின்னர் பள்ளி மாணவர்களுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுத்தது. இவையெல்லாம் பெரும்பாலும் கியர் இல்லாத வண்டிகள். சமவெளிக்கு அது போதும். மெக்கானிக்கின் கை பழகியதும் அதில்தான். எனவே அவர் சொல்லும் யோசனையில் தப்பில்லை. நாம்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு இதுதான். முன்னால் 48 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் 2.67 சுற்று. 26 அங்குலச் சக்கரத்தில் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். முன்னும் பின்னும் 28 பல் என்றால் ஒரே சுற்று, சுமார் இரண்டு மீட்டர்தான். வேகம் குறையும், மிதி லேசாகும். 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கு இரண்டாவது வேண்டும். நம்மூர் கடைத்தெருவுக்கு முன்னால் ஒரே செயின்வீல், பின்னால் ஆறு பல்சக்கரம் தாராளம்.

பழைய வண்டியை எழுப்பும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, தேய்ந்த ஃப்ரீவீலில் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டு, ஃப்ரீவீல் மரையில் திருகுவதா, கேசட்டா என்று பார்த்து வாங்குங்கள்; ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. மூன்று, ஷிமானோ 1984ல் கொண்டுவந்த 'கிளிக்' கியர் முறையில் லீவரும் பல்சக்கர எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். அதற்கு முந்தைய வகை, கிளிக் இல்லாத லீவரில் அந்தக் கட்டாயம் இல்லை. காதால் கேட்டு, கையால் சரிசெய்துகொள்ளலாம். பொருந்தாத பாகங்களைச் சேர்த்து வண்டி கட்டுகிறவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

ஃபிரேம் விரிசல் விடாமல் இருந்தால் மற்ற எல்லாமே மாற்றக்கூடியவைதான். காயலான் கடைக்காரர் இரும்பைத்தான் எடை போடுவார். அது இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.