பர்மா பஜாரின் பிட் கணக்கும் சோனியின் செல் சில்லும்

வரப்போகும் வீடியோ கேம் பெட்டிக்குள் என்ன சில்லு இருக்கும் என்று ஆரூடம் சொல்வது உலகெங்கும் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்துவிட்டது. வட சென்னையில் அதற்கு ஒரு கிளைச் சரித்திரம் உண்டு.

புழலிலிருந்து ஜி.என்.டி. சாலை வழியே வந்து, பாரிமுனையில் இறங்கி ராஜாஜி சாலைக்குத் திரும்பினால் பர்மா பஜார். 1962 ராணுவப் புரட்சிக்குப் பின் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் உருவான கடைவரிசை. தொண்ணூறுகளில் இத்தகைய கடைகளில் விற்ற 'டி.வி. கேம்' அட்டைப்பெட்டிகளில் 16 பிட், 32 பிட், 64 பிட் என எண்கள் ஏறிக்கொண்டே போகும். உள்ளே இருந்த சரக்கோ பெரும்பாலும் ஒன்றேதான்: 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். அசலின் நுண்செயலி வெறும் 8 பிட், வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். 1975இல் 25 டாலருக்கு வந்து சந்தையைக் கலக்கிய 6502 சில்லின் வாரிசு அது. (தசமக் கணக்குப் போடும் வசதியை மட்டும் ரிக்கோ நிறுவனத்தார் நீக்கிவிட்டிருந்தனர். மரியோ குதிப்பதற்குத் தசமம் எதற்கு?)

அட்டையில் இருந்த எண்ணை நம்பியவர்களைக் கண்டு நகைக்க வேண்டியதில்லை. பொறியியல் படித்தவர்களும் பிற்பாடு அதே குழியில்தான் விழுந்தார்கள்.

2001இல் சோனி, தோஷிபா, ஐ.பி.எம். மூன்றும் கைகோத்து 'செல்' என்ற செயலியை வடிக்கத் தொடங்கின. 2003இல் வெளிவந்த ஒரு காப்புரிமை ஆவணத்தில் 32 துணைக் கணிப்பான்களும் ஒரு டெராஃபிளாப் வேகமும் பேசப்பட்டன. பிளேஸ்டேஷன் 3 இப்படித்தான் இருக்கும் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். 2006 நவம்பரில் வந்த பெட்டியிலோ ஒரு முதன்மைக் கருவும் ஏழு துணைக் கருக்களுமே இயங்கின. எட்டாவது சில்லில் இருந்தது. ஆனால் ஒன்று பழுதான சில்லுகளும் வீணாகாதிருக்க, எல்லாவற்றிலும் ஒன்றை அணைத்துவிட்டார்கள். எஞ்சியவற்றிலும் ஒன்றை இயங்குதளம் எடுத்துக்கொண்டது. துணைக்கரு ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் சொந்த நினைவகம். அதற்குள் தரவை ஏற்றி இறக்குவது நிரலாளரின் தலைவலி.

ஊகிகள் கோட்டைவிட்ட செய்தி வேறொன்று. செல்லுக்கென வடித்த முதன்மைக் கருவையே சற்று மாற்றி, மும்மடங்காக்கி, ஐ.பி.எம். மைக்ரோசாஃப்டுக்கும் கொடுத்தது. அந்த எக்ஸ்பாக்ஸ் 360 ஓராண்டு முந்தி, 2005 நவம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது!

2007இல் பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு வந்தபோது விலை ரூ.39,990. துறைமுகத்திலோ திருவொற்றியூர் ஆலையிலோ உழைத்த பலருக்கு அது பல மாதச் சம்பளம். 'அடுத்தது வரட்டும், அப்பா' என்று பிள்ளையைக் காத்திருக்கச் சொல்வதா, 2000ஆம் ஆண்டுப் பிளேஸ்டேஷன் 2ஐயே வாங்கித் தருவதா என்னும் கேள்விக்கு டெராஃபிளாப்பில் விடை கிடையாது. அந்தப் பழைய பெட்டியின் உற்பத்தி 2013 வரை நீடித்தது. உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது.

செல்லின் தம்பி 2008இல் லாஸ் அலமோஸின் ரோட்ரன்னர் மீக்கணினியில் ஏறி, முதல் பெட்டாஃபிளாப் சாதனையில் பங்குகொண்டது. சோனியோ 2013இல் அவ்வடிவத்தைக் கைகழுவி, சாதாரணக் கணினிகளின் இனத்தைச் சேர்ந்த ஏ.எம்.டி. செயலிக்குத் தாவியது. 6502 வம்சம் மட்டும் கைக்கடக்கமான '400 கேம்' பெட்டிகளுக்குள் இன்றும் குடியிருக்கிறது.