பான்கோஸ்ட் கட்டி

நுரையீரலின் உச்சியில் தோன்றி, மேல் விலா எலும்புகளையும் கைக்குச் செல்லும் நரம்புகளையும் அரிக்கும் புற்றுநோய். பிலடெல்பியாவின் கதிரியக்க மருத்துவர் ஹென்றி பான்கோஸ்ட் 1924-லும் 1932-லும் இதை விவரித்தார். நுரையீரல் புற்றுநோய்களில் இதன் பங்கு சிறிது. புகைபிடித்தலே முக்கியக் காரணம்.

இருமல், சளியில் ரத்தம், மூச்சுத்திணறல் ஆகியவை தொடக்கத்தில் பெரும்பாலும் இரா. முதலில் வருவது தோள்வலி. தோள்பட்டையில் தொடங்கி, அக்குள் வழியாக முழங்கையின் உட்புறம் இறங்கிச் சுண்டுவிரல்வரை பரவும், இரவிலும் விடாது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்றெண்ணித் தைலமும் பிசியோதெரபியுமாக மாதங்கள் கழிவது, வருந்தத்தக்க வகையில், வழக்கமாக நடப்பதே. பின்னர் உள்ளங்கைத் தசை மெலிந்து பிடி தளரும்; சட்டைப் பொத்தானைப் போடவே விரல்கள் திணறும்.

பரிவு நரம்பும் பாதிக்கப்பட்டால் ஹார்னர் கூட்டறிகுறி தோன்றும்: கட்டியுள்ள பக்கத்தில் இமை சற்றே தாழும், கண்மணி சுருங்கும், அந்தப் பாதி முகம் வியர்க்காது. மங்கிய வெளிச்சத்தில் இரு கண்மணிகளின் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் கழுத்துப்பட்டை எலும்பு சிறு கட்டிகளை மறைத்துவிடலாம். சி.டி. ஸ்கேன் அவற்றைக் காட்டும். நரம்புப் பாதிப்பின் அளவை எம்.ஆர்.ஐ. சொல்லும். தோல் வழியே ஊசி செலுத்தி எடுக்கும் திசுவே நோயை உறுதிசெய்யும். அகற்றத்தக்க கட்டிகளுக்குக் கீமோதெரபியும் கதிர்வீச்சும் முதலில், அறுவைச் சிகிச்சை பிறகு.