பொம்மைக்குக் கண் கொடுத்த கைகள்

வெட்டித் தைத்துப் பஞ்சடைத்த ‘ஃபெல்ட்’ பொம்மை, கண் வைக்கப்படும் வரை ஒரு கம்பளித் துணிப் பொதியே. இரு கரும்புள்ளிகள் முகத்தில் அமைந்ததும் அது நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. கோயிற் சிலைக்கும் குழந்தையின் பொம்மைக்கும் இது பொது. உருவம் உயிர் பெற்றதாகத் தோன்றும் அந்தக் கணத்தைக் கலை வரலாறு வியந்து பேசுகிறது. கண்ணை வைத்த கையைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. அந்தக் கையைத் தேடிச் சென்றால், ஜெர்மனியில் தொடங்கும் பாதை பதுளைத் தோட்டங்கள் வரை நம்மை அழைத்து வருகிறது.

ஃபெல்ட் பொம்மையைப் பெருந்தொழிலாக்கிய நாடு ஜெர்மனி. 1880இல் கீங்கன் நகரத் தையற்காரி மார்கரெட்டே ஸ்டைஃப், ஊசி குத்திவைப்பதற்கென்று ஃபெல்ட் துணியில் சிறு யானைகளைச் செய்தார். குழந்தைகள் அவற்றை விளையாட்டுப் பொருளாக்கிக் கொண்டனர். பின்னர் வந்த கரடிப் பொம்மைகளுக்குச் சப்பாத்துப் பொத்தான்களே கண்களாயின. விலையுயர்ந்த பொம்மைகளுக்கான கண்ணாடிக் கண்கள் துரிங்கியா மலைநாட்டின் லௌஷா என்னும் ஊரில் ஊதப்பட்டன. பொம்மைக் கண் ஊதிப் பழகிய அவ்வூர்க் கைகளே, 19ஆம் நூற்றாண்டில், கண்ணிழந்த மனிதருக்கும் செயற்கைக் கண் செய்து கொடுத்தன. ஆனால் அம்மலைநாட்டின் பொம்மைத் தொழில் ஏழைகளின் வீட்டறைகளில், அற்பக் கூலிக்கு, குழந்தைகளின் உழைப்பையும் உறிஞ்சி நடந்தது. செல்வர் வீட்டுக் குழந்தை விளையாடுவதற்காக ஏழை வீட்டுக் குழந்தை உழைத்தது.

நம் நாட்டில் இக்கதை வேறொரு வடிவம் கொள்கிறது. ஊவாவையும் உள்ளடக்கிய பழைய கண்டி இராச்சியத்தில், புத்தர் சிலைக்குக் கண் எழுதுவது ‘நேத்திர மங்கல்ய’ எனும் சடங்காகும். 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் நூலில் ஆனந்த குமாரசுவாமி இதை விளக்கியுள்ளார். கண் எழுதுபவர் பிக்கு அல்லர், கைவினைஞரே. குறித்த நல்வேளையில் அவர் சிலையை நேருக்கு நேர் நோக்காமல், கண்ணாடியிற் பார்த்துத் தூரிகையை நகர்த்துகிறார். புதிதாகத் திறந்த விழியின் பார்வை ஆபத்தானது என்பது நம்பிக்கை. பணி முடிந்ததும் அவருடைய கண்களைக் கட்டி வெளியே அழைத்து வருகின்றனர். கட்டு அவிழ்ந்தவுடன் அவர் முதலிற் காணும் பொருளின்மீது தீங்கு இறங்கிவிடும் என்று கருதி, அதைத் தம் கையாலேயே வெட்டுகிறார், அல்லது உடைக்கிறார். கடவுட் சிலைக்குக் கண் கொடுத்தவனின் கண்ணைக் கட்டுகின்ற சமூகத்தை என்னென்பது! உழைப்பின் ஆற்றலை அது அறிந்திருந்தது, அறிந்ததனாலேயே அஞ்சியது.

19ஆம் நூற்றாண்டிலே கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் ஊவா மலைகளில் குடியமர்த்தப்பட்டனர். சிற்பியை அமர்த்தப் பொருளில்லாத அம்மக்கள், மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, ஒரு சூலத்தை ஊன்றித் தெய்வமாக்கினர். அவர்கள் விட்டுவந்த கிராமங்களில் உருவத்துக்குக் கண் வைக்க எளிய வழிகள் இருந்தன. வெள்ளித் தகட்டில் அடித்த ‘கண்மலர்’ மாரியம்மனுக்குச் சாத்தப்பட்டது. கண்ணோய் தீர வேண்டியும் அம்மை தணிய வேண்டியும் நேர்ந்துகொண்டவர்களின் காணிக்கை அது. களிமண் பிள்ளையாருக்கோ இரண்டு குன்றிமணிகளே போதும். செல்வம் இல்லாதவனும் தன் தெய்வத்துக்குக் கண் கொடுக்கலாம்!

அம்மக்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண் ஒன்றும் இருந்தது. கங்காணி என்னும் சொல்லே ‘கண்காணி’ என்பதன் திரிபாகும். ஆள் சேர்த்துக் கடனிற் பிணித்து வேலை வாங்கிய அந்தக் கண்ணுக்கு அவர்கள் ஓயாது தென்பட்டனர். ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணுக்கு அவர்களுட் பெரும்பாலோர் தென்படவில்லை. கொழுந்து பறிக்கும் கை தேவைப்பட்டது. வாக்களிக்கும் கை தேவைப்படவில்லை.

குன்றிமணி நமக்கு இன்னொரு பாடமும் சொல்கிறது. சிங்கள மக்கள் அதனை ‘ஒலிந்த’ என்பர். புத்தாண்டுக் காலத்தில், குழிகள் வெட்டிய பலகையில் அதைக் காயாக வைத்து ‘ஒலிந்த கெலிய’ ஆடுவர். ஒரே கொடியில் விளைந்த விதை, ஒரு வீட்டில் விளையாட்டுக் காய்; மற்றொரு வீட்டில் பிள்ளையாரின் கண். இனங்களைப் பிரித்து ஆதாயம் காண்போர் மறைக்க விரும்பும் உறவு இது. எனினும், குன்றிமணியின் பருப்பிலே கொடிய நஞ்சுண்டு. தைப்பதற்காகத் துளையிட்டால் காக்கும் தோல் உடைந்துவிடும். குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கு அது கண்ணாகக் கூடாது. பொத்தானும் பிய்ந்து தொண்டையில் சிக்கலாம். கறுப்பு நூலால் தைத்தெடுத்த கண்ணே சிறு குழந்தைகளுக்கு ஏற்றது. தாயும் ஆசிரியையும் ஓர் ஊசியால் ஆக்கக்கூடியதும் அதுவே.

கைப்பணி வகுப்பில் மாணவர் ஃபெல்ட் துணியில் ஒரு கொழுந்துக்காரியைத் தைக்கட்டும். முகத்தில் முதல் நூலைக் கோக்கும்போது, இதுவரை உலகில் கண் வைத்தவர் யார், கண் கட்டப்பட்டவர் யார் என்று ஆசிரியர் கேட்கட்டும். தோட்டத்து முதியோரிடம் சென்று, தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் குழந்தையின் பொம்மைக்கும் அவர்கள் எதைக் கண்ணாக வைத்தனர் என்று மாணவர் கேட்டு எழுதி வரட்டும். கற்றோர் எழுதாது விட்ட வரலாறு அவர்களுடைய நினைவிலே இருக்கிறது. அதை எழுதும் நாளில், கண் கொடுத்த கைகளின்மேல் நமது பார்வையும் திரும்பும்.