பேட்டை (சென்னை)

கோட்டைக்கோ பழைய ஊருக்கோ அருகில் தொழிலாளரும் வணிகரும் வந்து குடியேறிய இடம் பேட்டை. சென்னையின் பெரும்பகுதி இப்படி வளர்ந்ததுதான். வண்ணாரப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, சௌகார்பேட்டை, ராயப்பேட்டை என்று வரைபடம் முழுக்கப் பேட்டைகள்.

1639இல் ஆங்கிலேயக் கும்பினி இங்கே இடம் பெற்றது துணி வாங்குவதற்காக. துணிக்கு நெசவாளர் வேண்டும், சலவைக்காரர் வேண்டும். ஆகவே ஆட்களை வெளியூர்களிலிருந்து அழைத்துக் குடியமர்த்தினார்கள். துணியை வெளுத்துக் காயவைக்கத் தண்ணீரும் வெட்டவெளியும் தேவைப்பட்டதால் வண்ணாரப்பேட்டை ஊரின் வடக்கே அமைந்தது. 1734இல் ஆளுநர் பிட் காலத்தில், கூவம் வளைந்தோடும் ஒரு தோட்டத்தில் சிந்தாதிரிப்பேட்டை உருவானது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே பெயரின் மூலம் என்பர். நூற்போருக்கும் நெய்வோருக்கும் என ஒதுக்கிய அந்த இடத்தில் ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீசுவரருக்கும் கோயில்கள் எழுந்தன. தறியோடு தெய்வத்துக்கும் இடம் கிடைத்ததால் வந்தவர்கள் வேரூன்றினார்கள்.

வணிகர் சேர்த்தவை வேறு வகை. ஈரானின் ஜுல்பாவிலிருந்து வந்த ஆர்மீனியர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தம் செலவில் பாலம் கட்டினார். மறைமலை அடிகள் பாலம் இன்று நிற்பது அங்கேதான். ஆர்மீனியன் தெருவில் இன்றுள்ள தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழும் 1794இல் சென்னையில்தான் அச்சானது. சில குடும்பங்களே இருந்த ஒரு சமூகம் ஊருக்கு இவ்வளவு விட்டுச் சென்றிருக்கிறது!

சௌகார்பேட்டையில் குஜராத்திகளும் மார்வாடிகளும் வட்டிக்கடையும் நகைக்கடையும் வைத்தார்கள். தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்துகளில் திண்ணை வீடுகள் பல இடிந்து, கீழே கடை மேலே குடும்பம் என்ற குறுகலான அடுக்குமாடிகள் வந்தன. அதே தெருவில் தேங்காய்க் கடைக்குப் பக்கத்தில் கச்சோரி பொரிகிறது.

1962க்குப் பின் பர்மாவின் ராணுவ ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையிருப்பை இழந்து கப்பலேறினார்கள். வியாசர்பாடியில் பலர் குடியேறினர். 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் அவர்களுக்கென வரிசையாகச் சிறு கடைகள் எழுந்தன. அதுவே பர்மா பஜார். பர்மிய நூடுல்ஸ் வகைகளான அத்தோவும் மொய்ங்காவும் அவர்களோடு வந்து வடசென்னையின் மாலை உணவாகிவிட்டன.

இன்றைய குடியேற்றத்தின் வடிவம் விடுதி. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் வளாகம் 2024இல் திறக்கப்பட்டது. பாதுகாப்பான இடம், வரவேற்க வேண்டியது. ஆனால் அது குடும்பத்துக்கான இடமல்ல. மெட்ரோவையும் அடுக்குமாடிகளையும் கட்டும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்கு வேலைத்தளத்தின் தகரக் கொட்டகைதான் வீடு. கட்டடம் முடிந்ததும் அதுவும் பிரிக்கப்படுகிறது. நெசவாளருக்குத் தெருவும் கோயிலும் கொடுத்த ஊர், இவர்களுக்கென ஒரு பேட்டையை இன்னும் அமைக்கவில்லை.