வீட்டுக் கிரயமும் தரகரும்

சென்னைப் பட்டினத்தின் தோற்றத்திலேயே ஒரு தரகர் நிற்கிறார். 1639இல் ஆங்கிலக் கும்பினியாரின் அலுவலர் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் கடற்கரை மணல்வெளியைக் கேட்டுப் பெற்றபோது, இடையில் நின்று பேசியவர் பேரி திம்மப்பா என்னும் துபாஷி. துபாஷி என்றால் இருமொழியாளர். கொடுப்பவர் மொழி கொள்பவருக்கு விளங்காதவிடத்து அவரில்லாமல் பேச்சே இல்லை.

தரகு என்னும் சொல் இதனினும் பழையது. பல்லவர் செப்பேடுகளின் வரிப்பட்டியலிலேயே அது காணப்படுகிறது. அரசு வரி வாங்கிய தொழில் ஊரறிய நடந்த தொழிலாகவே இருந்திருக்க வேண்டும். அரபியர் தரகரை ‘ஸிம்ஸார்’ என்றும் ‘தல்லால்’ என்றும் அழைத்தனர். பின்னதன் வேர்ச்சொல்லுக்கு வழிகாட்டுதல் என்பது பொருள். வழிகாட்ட வந்தவர் வழியை மறித்து நிற்கும் நிலை எவ்வாறு வந்தது? தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் கொண்டு இதனை ஆராய்வோம்.

சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் ஆகியவை செங்கற்பட்டு மாவட்டத்து ஏரிப்பாசனக் கிராமங்களாய் இருந்தவை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்துவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தது. பின்வந்த ஆண்டுகளில் நஞ்சையும் புஞ்சையும் மெல்ல மெல்ல மனைகளாயின. வாங்க வந்தவர் பட்டணத்துக் குமாஸ்தா. விற்றவர் ஏர் பிடித்த உழவர். எந்தச் சர்வே எண் யாருடையது, ஏரி நிரம்பினால் கலங்கல் நீர் எப்பக்கம் பாயும் என்பதெல்லாம் அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் இடையே தேவைப்பட்டார். அவர் பெற்ற கூலி உழைப்பின் கூலியே.

இன்றோ, 2021இல் மாநகராட்சியாகிவிட்ட இதே தாம்பரத்தில், விற்பவரும் வாங்குபவரும் ஒரே மொழி பேசுவோர். இருவரும் பத்திரம் படிக்கத் தெரிந்தவர்கள். ஆயினும் முன்பணம் கைமாறும் வரை ஒருவர் முகத்தை மற்றவர் காண்பதில்லை. உரிமையாளர் இல்லாத வேளை பார்த்து வீடு காட்டப்படுகிறது. “பார்ட்டியிடம் நேரில் பேசிவிடாதீர்கள்” என்று இரு பக்கமும் எச்சரிக்கை போகிறது. இதில் தரகரின் அச்சத்தையும் நாம் மறைக்கலாகாது. பல நாள் அலைந்து ஆள் சேர்த்தபின் இருவரும் தனியே முடித்துக்கொண்டு, நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்று பேசிய கமிஷனைக் கொடாது விடுவதும் உண்டு. அது அநீதிதான். ஆனால் வேறொரு காரணமும் உண்டு: விற்பவர் கேட்ட விலை ஒன்று, வாங்குபவரிடம் சொன்ன விலை மற்றொன்று.

இமாம் புகாரி (ரஹ்) தரகுக் கூலிக்கெனத் தம் தொகுப்பில் தனித் தலைப்பே அமைத்துள்ளார்கள். இப்னு சீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் ஆகியோர் அக்கூலியில் குற்றம் காணவில்லை என்று அங்கே பதிந்துள்ளார்கள். இன்ன விலைக்கு மேல் கிடைப்பதை நீயே வைத்துக்கொள் என்று பொருளுக்குரியவர் சொல்வதையும் இப்னு அப்பாஸ் (ரலி) ஆகுமென்றார்கள். உரியவரே சொல்வது என்பதை வாசகர் குறித்துக்கொள்க. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 216ஆம் பிரிவும் இக்கருத்தையே தழுவியது: முதல்வருக்குத் தெரியாமல் முகவர் அவ்வலுவலில் தமக்கெனச் செய்து பெற்ற ஆதாயத்தை முதல்வர் கேட்டுப் பெறலாம்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத பெருங்குறையை விற்பவர் வெளியிட வேண்டும். சொத்தைப் பற்றியும் உரிமை மூலத்தைப் பற்றியும் வாங்குபவர் கேட்கும் தக்க கேள்விகளுக்குத் தாம் அறிந்தவரை விடை சொல்ல வேண்டும் என்கிறது அதன் 55ஆம் பிரிவு. கேட்பவர் வாங்குபவர், விடை சொல்பவர் விற்பவர். சட்டம் எழுதியோர் அவ்விருவரையும் எதிரெதிரே அமர்த்திப் பார்த்தே எழுதினர் போலும்!

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. அந்நீர் இந்தச் சுவரில் எதுவரை ஏறியது, மறு ஆண்டுகளில் மழைக்கு வாசற்படி நனைந்ததா, கோடையில் கிணறு வற்றுமா என்பவற்றை வில்லங்கச் சான்று சொல்லாது, தாய்ப்பத்திரமும் சொல்லாது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு பூசினால் நீர்க்கோடும் மறைந்துவிடும். அங்கே குடியிருந்தவர் ஒருவரே அறிவார். வளைகுடாவில் பத்தாண்டு உழைத்த பணத்தைக் கொண்டு வீடு தேடுபவருக்கு, அவரிடம் பத்து நிமிடம் பேசக் கிடைப்பது எத்தனை பெரிது! 2016இன் மனைவணிகச் சட்டம் முகவர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னது உண்மை. ஆயினும் அது பதிவான புதுத் திட்டங்களின் விற்பனைக்கே உரியது. தெருவிலுள்ள பழைய வீட்டின் மறுவிற்பனையை அது தொடவில்லை.

மதீனாவில் நடந்த ஒரு வீட்டு விற்பனையைப் புகாரியில் காண்கிறோம். அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள், ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் மனைக்குள் இருந்த தம் இரு இல்லங்களை வாங்கிக்கொள்ளுமாறு அவர்களையே கேட்டார்கள். ஸஅத் முதலில் மறுத்தார்கள். அங்கும் மூன்றாமவர் ஒருவர் இருந்தார்: மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி). நீர் வாங்கத்தான் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது இருவர் காதிலும் விழுந்தது. தவணையாக 4000க்கு மேல் தரமாட்டேன் என்றார்கள் ஸஅத். தமக்கு வேறிடத்தில் 500 தீனார் ரொக்கமாகத் தர ஆள் இருப்பதை அபூ ராஃபிஉ ஒளிக்கவில்லை. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நபிகள் நாயகம் (ஸல்) சொல்லக் கேட்டதனாலேயே இவ்விலைக்குத் தருவதாக முகத்துக்கு நேரே சொல்லி, வீட்டை ஒப்படைத்தார்கள்.